எய்தவன் இருக்க அம்பை நோவதா?

அமெரிக்காவில் எவனோ ஒருவன் ஓட்டலில் வாங்கிய கோழித் துண்டு ஆறிப் போயிருந்தால் நமக்கென்ன? காலை ஷிப்டுக்கு ஓடுகிறவனுக்கும், நாற்று முடி சுமக்கிறவளுக்கும் அதில் என்ன இருக்கிறது? நம் வாசகர்கள் இப்படிக் கேட்கலாம். கேட்பது நியாயம்தான்.

ஆனால் அந்த ஆறிப்போன கோழித் துண்டுக்குப் பின்னால் ஒரு ஆள் நிற்கிறான். கையில் கரண்டியோடு நிற்கிறான். அவனை நமக்கு நன்றாகத் தெரியும். பெயர் வேறு, பாஷை வேறு, நாடு வேறு. ஆனால் ஆள் நம்ம ஆள். அவன் மீது தினமும் விழுகிற வசவைப் பற்றித்தான் இந்த வாரம் பேசப் போகிறோம்.

அது என்ன கடை?

அமெரிக்காவின் பெரிய கடைத்தெருக் கட்டடங்களிலும் நெடுஞ்சாலை ஓரங்களிலும் ஒரு வகை ஓட்டல் பெருகிக் கிடக்கிறது. சீனம், ஜப்பான், வியட்நாம், தாய்லாந்து என்று ஆசிய நாட்டுச் சமையலின் பெயரால் நடப்பவை. மேஜைக்கு வந்து என்ன வேண்டும் என்று கேட்கிற சப்ளையர் அங்கே கிடையாது. நீளமான கண்ணாடித் தடுப்பு இருக்கும். அதற்குப் பின்னால், கொதிநீரின் ஆவிக்கு மேல், எவர்சில்வர் தட்டங்கள் வரிசையாக இருக்கும். ஒன்றில் சோறு, ஒன்றில் சௌ மெய்ன் என்கிற நூடுல்ஸ், மற்றவற்றில் கோழி, மாட்டிறைச்சி, காய்கறி. வாடிக்கையாளர் வரிசையில் நகர்ந்தபடியே விரலால் சுட்டிக் காட்டுகிறார். கிண்ணம் என்றால் ஒரு கறி. தட்டு என்றால் இரண்டு கறி. பெரிய தட்டு என்றால் மூன்று. கடைசியில் கல்லா. பணத்தைக் கட்டிவிட்டுத் தட்டைத் தாமே தூக்கிக்கொண்டு போய் உட்கார வேண்டியதுதான்.

இவற்றில் பெரியது பாண்டா எக்ஸ்பிரஸ். அதை நடத்தும் செர்ங் குடும்பம் 1973-ம் வருஷம் கலிபோர்னியாவில் பாசடேனா நகரில் ஒரு சீன ஓட்டல் திறந்தது. 1983-ல் க்ளெண்டேல் நகரின் கடைத்தெருக் கட்டடத்தில் இந்த வேகக் கடையின் முதல் கிளை வந்தது. 1987-ல் அக்கடையின் சமையல்காரர் ஆண்டி காவ் ‘ஆரஞ்சுக் கோழி’ என்ற பண்டத்தை அமெரிக்க நாக்குக்கு ஏற்ப இனிப்புக் கூட்டிச் செய்தார். இன்று அந்தத் தொடருக்கு 2,000-க்கும் மேற்பட்ட கடைகள்.

சீனர்கள் அமெரிக்காவில் ஓட்டல் தொழிலுக்கு வந்தது ஆசைப்பட்டு அல்ல. தங்கச் சுரங்கத்திலும் இரயில் பாதையிலும் எலும்பு முறிய உழைத்தவர்கள் அவர்கள். பாதை போட்டு முடிந்ததும் அவர்களே வேண்டாத விருந்தாளிகள் ஆனார்கள். 1882-ல் சீனத் தொழிலாளர் நாட்டுக்குள் வரக்கூடாது என்று சட்டமே போட்டார்கள். மற்ற வேலைகளிலிருந்து விரட்டப்பட்டவர்களுக்கு மிஞ்சியது துணி வெளுப்பதும் சமைத்துப் போடுவதும்தான். 1915-ல் ஒரு நீதிமன்றத் தீர்ப்பு, ஓட்டல் முதலாளியை வியாபாரி என்று கணக்கில் சேர்த்துக்கொண்டது. வியாபாரிக்கு விசா கிடைக்கும். ஊரிலிருந்து உற்றாரை அழைத்துக்கொள்ள அது ஒரு வழி. அதன் பிறகு சீன ஓட்டல்கள் மளமளவென்று பெருகின. அந்த விலக்குச் சட்டம் நீங்க 1943 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பிற நாட்டவர்களுக்குச் சமமாக வாசல் திறக்க 1965 ஆயிற்று.

ஆகவே அந்தக் கண்ணாடித் தடுப்பு இன்று நேற்று வைத்ததல்ல. ஒரு பக்கம் பசியோடு வருகிறவன். மறுபக்கம் வேறு கதியில்லாமல் வந்தவன்.

வாடிக்கையாளரின் புகார்கள்

இனி, சாப்பிட வந்தவர்களின் குறைகளைக் கேட்போம். கடைக்குக் கடை பெயர் மாறினாலும் குறைகள் ஒரே மாதிரி இருக்கின்றன. அளவு குறைவு, நேரம் அதிகம், பண்டம் ஆறிப் போயிற்று, போதாக்குறைக்கு இனாம் வேறு கேட்கிறார்கள்.

இவை பொய்ப் புகார்கள் என்று நாம் சொல்லவில்லை. அந்தக் கடைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் சீமான்கள் அல்லர். அரை மணி நேர இடைவேளையில் ஓடி வந்து வயிற்றை நிரப்பிக்கொண்டு ஓடுகிற குமாஸ்தா, லாரி ஓட்டுகிறவர், ஆஸ்பத்திரி ஊழியர், பள்ளிப் பிள்ளையோடு வந்த தாய். பத்துப் பதினைந்து டாலர் அவர்களுக்குச் சும்மா வந்த காசு அல்ல. கொடுத்த காசுக்குச் சரியான சாப்பாடு கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு. கேள்வி ஒன்றுதான்: யாரைக் கேட்பது?

முதலில் அளவைப் பாருங்கள். கரண்டி பிடிக்கிறவன் கஞ்சன் என்று நினைக்கிறார் வாடிக்கையாளர். ஆனால் ஒரு கறிக்கு இத்தனை அவுன்ஸ் என்று எழுதி வைத்திருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே தராசு வைத்துப் பழக்குகிறார்கள். வந்த கோழி எவ்வளவு, விற்ற தட்டு எத்தனை என்று பிறகு கணக்குப் பார்க்கிறார்கள். கணக்கில் துண்டு விழுந்தால் கேள்வி மானேஜருக்கு, மானேஜரிடமிருந்து கரண்டிக்காரனுக்கு. அவன் இரக்கப்பட்டு இரண்டு துண்டு கூடப் போட்டால் அது அவன் வேலைக்கு ஆபத்து. போடாவிட்டால் எதிரே நிற்கிறவர் வாயில் வசவு.

தஞ்சைத் தரணியில் நெல் அளந்து கூலி வாங்கிய தலைமுறைக்கு இது புதிதல்ல. வாங்க ஒரு மரக்கால், கொடுக்க ஒரு மரக்கால் என்று பண்ணைகள் வைத்திருந்த கதையை நம் பெரியவர்கள் சொல்லுவார்கள். களத்தில் நின்று அளந்தவன் நம்மைப் போல ஒருவன்தான். அளவைக் குறைத்தது அவன் கையா? மரக்காலா? மரக்காலைச் செய்து கொடுத்தவனா?

அடுத்தது நேரம். எதிரே நாலு பேர்தான் நிற்கிறார்கள்; இருபது நிமிஷம் ஆகிறதே என்கிறார் வாடிக்கையாளர். அவர் கண்ணுக்குத் தெரியும் வரிசை ஒன்று. தெரியாத வரிசைகள் இரண்டு. காரிலிருந்து இறங்காமலே வாங்கிப் போகிறவர்கள் பக்கவாட்டு ஜன்னலில் நிற்கிறார்கள். கைப்பேசி மூலம் சொல்லி அனுப்பியவர்களின் பொட்டலங்களுக்காக எடுத்துப் போகும் ஆட்கள் வாசலில் நிற்கிறார்கள். வரிசை மூன்று, ஆனால் அவற்றுக்காக ஆட்களும் மூன்று மடங்கானார்களா? பெரும்பாலும் இல்லை. ஒரே கரண்டி, ஒரே கை, மூன்று பக்கமும் ஓடுகிறது. ஒரு ஆளுக்கு இத்தனை கதிர் என்று இருந்ததைக் கூட்டிவிட்டு, நூல் அறுந்தால் சைடர் மீது பாய்கிற மில்லை நாம் பார்த்ததில்லையா? அதே கணக்குத்தான் இது.

மூன்றாவது, ஆறிப்போன பண்டம். சீனச் சமையலின் உயிரே நெருப்பில் இருக்கிறது. ‘வாக்’ என்கிற பெரிய இரும்புச் சட்டியைப் பேய் நெருப்பில் வைத்து, சில நிமிஷத்தில் புரட்டிக் கொட்டினால் அந்தக் கணமே சாப்பிட வேண்டும். அதை ஆவித் தட்டத்தில் வைத்துக் காக்கப் போட்டால் மொறுமொறுப்பு போய்விடும். கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி சமைத்தால் சூடாகக் கொடுக்கலாம். அதற்கு அடுப்படியில் ஆள் வேண்டும். ஆளைக் குறைத்தால் ஒரேயடியாகச் சமைத்துக் குவிக்க வேண்டும். தட்டத்தில் காய்ந்து போனதைக் கொட்டினாலோ, வீணாக்கினாய் என்று கணக்கு எழுதுகிறார்கள். சமையல்காரனுக்குச் சமைக்கத் தெரியாமல் இல்லை. முன்கையெல்லாம் எண்ணெய்ச் சூட்டுத் தழும்போடு நிற்கிற அவனுக்குத் தெரியாததா? மட்டப் பஞ்சைக் கொடுத்துவிட்டு உயர்ந்த நூல் கேட்டால் நூற்கிறவன் என்ன செய்வான்?

இனாம் யார் கொடுப்பது?

நாலாவதுதான் மிகவும் கசப்பானது. கல்லாவில் பணம் கட்டப் போனால் ஒரு கண்ணாடிப் பலகையைத் திருப்பி வைக்கிறார்கள். நூற்றுக்கு 18, 20, 25 என்று இனாம் கேட்டு அது மின்னுகிறது. நானே வரிசையில் நின்று, நானே தட்டைத் தூக்கிப் போய், நானே குப்பையையும் எடுத்துப் போடுகிறேன். எதற்கு இனாம் என்று வாடிக்கையாளர் குமுறுகிறார். எதிரே நிற்கிற பெண் தலையைக் குனிந்துகொள்கிறாள். இருவருக்கும் அவமானம். அந்தப் பலகையை அங்கே வைத்தவருக்கு மட்டும் அவமானம் இல்லை. அவர் அங்கே இல்லை!

அமெரிக்காவின் மத்திய சட்டப்படி குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7 டாலர் 25 காசு. 2009 ஜூலையில் வைத்தது. அதன் பிறகு ஒரு காசு ஏறவில்லை. இனாம் வாங்குகிற தொழிலாளிக்கோ முதலாளி கையிலிருந்து கொடுக்க வேண்டியது 2 டாலர் 13 காசுதான். இது 1991-லிருந்து அப்படியே நிற்கிறது. மீதியை இனாமிலிருந்து ஈடுகட்டிக்கொள்ளலாம். இனாம் போதாவிட்டால்தான் முதலாளி நிரப்ப வேண்டும். பல மாநிலங்கள் இதைவிடக் கூடுதலாக வைத்திருக்கின்றன. கலிபோர்னியாவில் இனாமைக் காட்டிக் கூலியைக் குறைக்க முடியாது. ஆனால் மத்தியச் சட்டத்தின் மூச்சு இதுதான்: கூலியின் ஒரு பாகத்தை வாடிக்கையாளரின் பையிலிருந்து எடு!

இனாம் என்பது நல்ல மனதோடு கொடுப்பது. கூலி என்பது கடன். கடனை இனாமாக மாற்றிவிட்டால், கொடுக்க வேண்டியவன் தப்பித்துக்கொள்கிறான். கொடுக்க வேண்டாதவனும் வாங்குகிறவனும் முறைத்துக்கொண்டு நிற்கிறார்கள்.

அந்த இனாமிலும் கை வைத்தவர்கள் உண்டு. 1980-ல் நியூயார்க் நகரின் சைனாடவுனில் ஒரு பெரிய ஓட்டலில் சப்ளையர்களுக்கு விழுந்த இனாமில் நிர்வாகம் பங்கு கேட்டது. மறுத்தவர்களை வேலையிலிருந்து நீக்கியது. அவர்கள் வாசலில் மறியல் செய்தார்கள். வேலையைத் திரும்பப் பெற்றதோடு சொந்தமாக ஒரு சங்கமும் கண்டார்கள். இனாமில் முதலாளியோ மேலாளரோ பங்கு எடுக்கக் கூடாது என்று மத்தியச் சட்டத்தில் தெளிவாக எழுத 2018 வரை ஆயிற்று.

மார்க்குப் போடும் சீட்டு

புகாரைச் சொல்ல முதலாளியே ஒரு வழி வைத்திருக்கிறாரே என்று கேட்கலாம். ஆம், வைத்திருக்கிறார். ரசீதின் அடியில் அச்சடித்திருக்கிறது: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள், அடுத்த முறை ஒரு பண்டம் இலவசம்! கேள்விகளைப் பாருங்கள். ஊழியர் சிரித்தாரா? வணக்கம் சொன்னாரா? விரைவாகக் கொடுத்தாரா? மேஜை சுத்தமா?

நல்ல கேள்விகள்தான். ஆனால் கேட்காத கேள்விகள் எத்தனை! அடுப்படியில் எத்தனை பேர் இருந்தார்கள்? போன வருஷம் இருந்த ஆட்கள் எங்கே? விலை ஏறியதே, கூலி ஏறியதா? இவற்றுக்கு அந்தச் சீட்டில் கட்டம் கிடையாது. வாடிக்கையாளரின் கோபத்தை வடிகட்டி, ஊழியனின் தலையில் மட்டும் ஊற்றுகிற புனல் அது. மார்க்குக் குறைந்தால் மானேஜருக்கு ஏச்சு. ஊழியனுக்கு அடுத்த வாரம் வேலை மணி குறைவதும் உண்டு. மணி குறைந்தால் கூலி குறைந்தது. அடுத்த வாரம் எத்தனை மணி வேலை என்பதே தெரியாமல் குடும்பம் நடத்துகிறவர்கள் அவர்கள். நியூயார்க் நகரில் வேக உணவுக் கடைகள் 14 நாள் முன்னதாக வேலை அட்டவணை கொடுத்தாக வேண்டும் என்று 2017-ல் சட்டம் கொண்டு வந்தார்கள் என்றால், அதற்கு முன் நிலைமை எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

உப்பின் மேல் போட்ட பழி

தவறான தலையில் பழி விழுவது அங்கே பழைய கதை. 1908-ல் ஜப்பானிய விஞ்ஞானி கிகுனாயே இக்கேடா கடற்பாசியிலிருந்து ஒரு சுவை உப்பைப் பிரித்தார். நாம் அஜினோமோட்டோ என்று சொல்லுவது அதுதான். 1968-ல் ஒரு டாக்டர் அமெரிக்க மருத்துவப் பத்திரிகை ஒன்றுக்குக் கடிதம் எழுதினார். சீன ஓட்டலில் சாப்பிட்டால் பிடரி மரத்துப் போகிறது, நெஞ்சு படபடக்கிறது, காரணம் என்னவாக இருக்கும் என்று கேட்டார். அவர் சொன்ன பல சந்தேகங்களில் இந்த உப்பும் ஒன்று. அவ்வளவுதான்! ‘சீன ஓட்டல் நோய்’ என்று அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள். இந்த உப்புச் சேர்ப்பதில்லை என்று வாசலில் பலகை தொங்கவிட்டால்தான் பிழைப்பு என்றாயிற்று.

அதே உப்பு பெரிய கம்பெனிகளின் டப்பா சூப்பிலும் உருளைக்கிழங்கு வறுவலிலும் இருந்தது. அதற்கு ‘டப்பா நோய்’ என்று யாரும் பெயர் வைக்கவில்லை! பின்னால் நடந்த சோதனைகளில் அந்தக் குற்றச்சாட்டு உறுதிப்படவில்லை. பொதுவாகப் பாதுகாப்பானது என்ற பட்டியலில்தான் அமெரிக்க அரசின் உணவு இலாகா அந்த உப்பை வைத்திருக்கிறது. ஆனால் சைனாடவுன் சமையல்காரன் மீது விழுந்த சந்தேகம் ஒரு தலைமுறைக்கு மேல் நீடித்தது.

வாடிக்கையாளர் வாசலில் நின்றபோது

எல்லாக் காலமும் இப்படியே இருந்ததா? இல்லை. நியூயார்க்கில் ஒரு வியட்நாம் பாணி ஓட்டல். வீடு வீடாகச் சாப்பாடு கொண்டு போய்க் கொடுத்த சீனத் தொழிலாளர்கள் அங்கே மணிக்கு இரண்டு டாலருக்கும் குறைவான கூலிக்கு உழைத்தார்கள். கதவை ஓசைபடச் சாத்தினால்கூட அபராதம். 2007-ல் அவர்கள் நியாயம் கேட்கப் புறப்பட்டதும் வேலையை விட்டு விரட்டினார்கள். அவர்கள் வாசலில் மறியல் செய்தார்கள். அக்கம்பக்கத்து வாடிக்கையாளர்களில் பலர் அந்தப் படியைத் தாண்டி உள்ளே போக மறுத்தார்கள். நேற்று வரை, சாப்பாடு தாமதம் என்று முகம் சுளித்திருக்கக்கூடியவர்கள்தான்! 2008 அக்டோபரில் நீதிமன்றம் 36 தொழிலாளர்களுக்கு 46 லட்சம் டாலர் கொடுக்க உத்தரவிட்டது.

2012 நவம்பரில் நியூயார்க்கில் வேக உணவுக் கடைத் தொழிலாளர் சுமார் 200 பேர் வேலையை நிறுத்தினார்கள். மணிக்கு 15 டாலரும் சங்க உரிமையும் கேட்டார்கள். அன்று சிரித்தவர்கள் உண்டு. அந்தக் குரல் ஊர் ஊராகப் பரவியது. கலிபோர்னியாவில் 2023-ல் சட்டம் நிறைவேறியது. 2024 ஏப்ரல் 1 முதல், நாடெங்கும் 60 கடைகளுக்குக் குறையாத வேக உணவுத் தொடர்களில் மணிக்கு 20 டாலர் கூலி. அதற்கு முன் அந்த மாநிலத்தின் பொதுக் கூலி 16 டாலர்.

உடனே கூக்குரல் எழுந்தது. விலை ஏறும், வாடிக்கையாளர் ஓடிப் போவார் என்றார்கள் முதலாளிகள். மறுபடியும் பாருங்கள், வாடிக்கையாளரையே தொழிலாளிக்கு எதிராகக் கேடயமாகப் பிடிக்கிறார்கள்! பெர்க்கிலிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கணக்கெடுத்தார்கள். விலை நூற்றுக்கு 3.7 அளவு ஏறியது என்றார்கள். நாலு டாலர் பண்டத்துக்குப் பதினைந்து காசு. வேலையிடங்கள் சுமார் 18,000 குறைந்தன என்று சொல்லுகிற வேறு ஆய்வும் உண்டு. அந்த வாதம் இன்னும் தீரவில்லை. நாம் அதை மறைக்க வேண்டியதில்லை. கூலி ஏறினால் ஆளைக் குறைப்பேன் என்கிற முதலாளியை மில் தொழிலாளிக்கு நாம் அறிமுகம் செய்து வைக்க வேண்டுமா என்ன! கூலியோடு வேலைக்கும் பாதுகாப்புக் கேட்க வேண்டும் என்பதுதான் அதிலிருந்து கிடைக்கும் பாடம்.

அப்படியானால் தொழிலாளி மீது குற்றமே கிடையாதா?

உண்டு. அழுக்குக் கையோடு பரிமாறுகிறவன், கிழவியைப் பார்த்துச் சீறுகிறவன், கெட்டுப் போனது என்று தெரிந்தும் எடுத்துப் போடுகிறவன் எங்கும் இருப்பான். தொழிலாளி என்பதால் அதை நாம் மெழுகிவிட மாட்டோம். சாப்பிடுகிறவர் வயிறும் உழைப்பாளி வயிறுதான். சுத்தமும் சூடும் மரியாதையும் கேட்டு வாங்க வேண்டியவை. கெட்ட சாப்பாட்டைப் பொறுத்துக்கொள்வது ஒற்றுமை ஆகாது.

ஆனால் ஒருவன் செய்யும் தவறு வேறு. எந்தக் கடைக்குப் போனாலும், யார் கரண்டி பிடித்தாலும் நடக்கும் தவறு வேறு. ஒருவனுடைய தவறு என்றால் அவனைக் கேளுங்கள். எல்லாக் கடையிலும் அளவு குறைகிறது, எல்லாக் கடையிலும் வரிசை நீள்கிறது, எல்லாக் கடையிலும் பலகை இனாம் கேட்கிறது என்றால், அது கரண்டிக்காரனின் குணம் அல்ல. அது மேலே உட்கார்ந்து போட்ட கணக்கு. அந்தக் கணக்கைத்தான் கேட்க வேண்டும்.

நம் மில் காண்டீனுக்குத் திரும்பி வருவோம். சாம்பார் நீர்த்துப் போனால் நாம் யார் மீது பாய்கிறோம்? வாளி தூக்கி வருகிற பையன் மீது! அவன் என்ன செய்வான்? பருப்பு எத்தனை படி போடுவது என்று அவன் தீர்மானித்தானா? வெங்காயம் வாங்குகிற காண்டிராக்டைப் பேசி முடித்தவன் அவனா? அவன் பெயர் பெரும்பாலும் எந்த மஸ்டர் ரோலிலும் இருக்காது. ஊரை விட்டு வந்து, மூட்டைகளுக்கு இடையில் படுத்துறங்கி, நம் வசவையும் வாங்கிக்கொண்டு நிற்கிறான்.

நாளைக்குச் சாம்பார் நீர்த்திருந்தால், தோழர்களே, குரலை உயர்த்துங்கள். தாராளமாக உயர்த்துங்கள். ஆனால் வாளிப் பையனையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, காண்டீன் கமிட்டிக் கூட்டத்தில், பருப்புக் கணக்கை மேஜை மேல் வைக்கச் சொல்லி உயர்த்துங்கள். அவன் சம்பளம் என்ன என்றும் அதே மூச்சில் கேளுங்கள்.